தடைதாண்டல் பயிற்சி: பூங்காவிலும் மலைப்படியிலும் உடலை உறுதிசெய்தல்

ஓட்டப்பந்தயத்துக்கு நேரான ஒரு பாதை போதும். தடைதாண்டல் பயிற்சிக்கு அது போதாது. அதில் ஓடுபவர் சில அடிகளுக்கு ஒருமுறை எதையாவது தாண்டவோ, ஏறவோ, குனிந்து நுழையவோ, தொங்கிக் கடக்கவோ, சுமந்து நடக்கவோ வேண்டும். ஒவ்வொரு தடைக்கும் முன்னர் கண் தூரத்தை அளக்கிறது. காலை எங்கே ஊன்றுவது என்று மனம் முடிவு செய்கிறது. உடல் வேறொரு வேலைக்கு ஆயத்தமாகிறது. கால் வலிமை, கைப்பிடி, மூச்சு, சமநிலை, துணிவு ஆகிய யாவும் ஒரே பயிற்சியில் வேலை வாங்கப்படுவதே இதன் சிறப்பு.

இலங்கையில் பாடசாலை சென்றவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. வருடாந்த இல்ல மெய்வல்லுநர் போட்டியில் சிறுவர்களுக்கான தடை ஓட்டம் எப்போதும் இருந்தது. சாக்குக்குள் கால்களை நுழைத்துத் துள்ளியதும், ரயருக்குள் தலையை விட்டு மறுபுறம் வெளியேறியதும், கயிற்றுக்குக் கீழே முழங்காலால் ஊர்ந்ததும் பலருக்கு இன்றும் நினைவிருக்கும். சித்திரைப் புத்தாண்டு விழாவின் வழுக்குமரமும் கயிறிழுத்தலும் தலையணைச் சமரும், தமிழ்நாட்டின் மல்லர் கம்பமும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவை விளையாட்டு என்ற பெயரில் நடந்தமையால் எவரும் அவற்றை உடற்பயிற்சி என்று அழைக்கவில்லை. மொன்றியலுக்கு வந்த பின்னர் அவை கோடை ஒன்றுகூடலில் பிள்ளைகள் ஆடப் பெரியவர்கள் நாற்காலியில் இருந்து பார்க்கும் காட்சியாகச் சுருங்கிவிட்டன. அந்த நாற்காலியிலிருந்து எழுந்து வருவதற்கான வழிகளையே இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

சொல்லும் அதன் வரலாறும்

பிரெஞ்சு வகுப்புக்குச் சென்றவர்கள் 'பார்கூர்' என்ற சொல்லை அறிவர். ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் வரை கடக்கும் வழியை அது குறிக்கும். படைவீரர்களுக்கான தடைப்பாதையைப் பிரெஞ்சு மொழி 'போராளியின் பார்கூர்' என்றே அழைக்கிறது. அத்தகைய பாதைகளுக்கு இன்றுள்ள வடிவத்தைத் தந்தவர்களுள் முதன்மையானவர் 1875இல் பிறந்த ஜோர்ஜ் எபேர் என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி.

1902ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் கரிபியன் தீவாகிய மார்த்தினிக்கில் பெலே எரிமலை வெடித்தது. சென் பியேர் என்ற நகரம் சில நிமிடங்களில் அழிந்தது. ஏறத்தாழ 30,000 பேர் மாண்டனர். அப்போது அக்கடற்பகுதியில் பணியாற்றிய எபேர் உயிர் தப்பியோரை மீட்கும் பணியில் ஈடுபட்டார். ஆபத்து வேளையில் தன்னையும் பிறரையும் காக்க இயலாத உடல், பார்வைக்கு எவ்வளவு அழகாயிருந்தும் பயனற்றது என்பது அவர் பின்னர் வகுத்த முறையின் அடிப்படையாயிற்று. வலிமை என்பது பிறருக்குப் பயன்படுவதற்கே என்பதை அவர் தம் கொள்கை வாசகமாக்கினார். நடத்தல், ஓடுதல், தாவுதல், நான்கு காலில் செல்லுதல், ஏறுதல், சமநிலை காத்தல், எறிதல், தூக்குதல், தற்காத்தல், நீந்துதல் ஆகிய 10 அசைவுகளைக் கொண்ட அவரது 'இயற்கை முறை' முதலில் பிரெஞ்சுக் கடற்படையினருக்குக் கற்பிக்கப்பட்டது. அடுக்கி வைத்த கருவிகளுக்கு முன்னால் நின்று ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதை அவர் விரும்பவில்லை.

அவரது முறையிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. ஒன்று இளைஞர்களிடையே புகழ்பெற்ற 'பார்கூர்' கலை. வியட்நாமில் பிறந்து, அங்கே பிரெஞ்சு இராணுவப் பள்ளியில் பயின்று, பின்னர் பாரிஸ் தீயணைப்புப் படையில் பணியாற்றிய ரேமோன் பெல் என்பவரும், அவர் மகன் தவித் பெல்லும் அதன் முன்னோடிகள். மற்றொன்று மிகவும் அமைதியானது. 1968இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில், காட்டுப்பாதை ஒன்றில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு பலகை நட்டு, ஒவ்வொரு பலகையிலும் ஓர் உடற்பயிற்சியை வரைந்து வைத்தனர். மக்கள் ஒரு பலகையிலிருந்து அடுத்ததற்கு மெதுவாக ஓடி, அங்கே காட்டிய பயிற்சியைச் செய்து, மீண்டும் ஓடினர். ஆயுள் காப்புறுதி நிறுவனமொன்று செலவை ஏற்றது. வாடிக்கையாளர் நீண்டகாலம் வாழ்வதில் அதற்கும் ஆதாயம் உண்டல்லவா? அந்த ஏற்பாடு விரைவில் வட அமெரிக்காவுக்கும் பரவியது. இன்று நகரப் பூங்காக்களில் காணப்படும் திறந்தவெளிப் பயிற்சிக் கருவிகளும் அதே எண்ணத்தைத் தொடர்கின்றன.

2028இல் லொஸ் ஏஞ்சலிசில் நடைபெறவுள்ள ஒலிம்பிக் போட்டியில், நவீன ஐந்திறப் போட்டியின் குதிரையேற்றத்துக்குப் பதிலாகத் தடைதாண்டல் இடம்பெறுகிறது.

மலையில் இரண்டு வழிகள்

மொன்றியலில் தடைப்பாதை ஒன்றைத் தேடுவோர் முதலில் நிமிர்ந்து பார்த்தால் போதும். மொன் ரோயல் மலை 233 மீற்றர் உயரமானது. நியூயோர்க்கின் சென்றல் பார்க்கை வடிவமைத்தவர்களுள் ஒருவரான பிரெடரிக் லோ ஓம்ஸ்டெட் இம்மலைப் பூங்காவையும் வடிவமைத்தார். பூங்கா 1876ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் திறக்கப்பட்டது. இயற்கைக் காட்சிக்கு நோய் தணிக்கும் ஆற்றல் உண்டு என்று அவர் உறுதியாக நம்பினார். ஆகவே, மூச்சு வாங்கும் முதியவரும் குதிரை வண்டியில் வரும் நோயாளியும் களைப்பின்றி உச்சியை அடையும்படி, மிக மென்மையான சரிவோடு மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் ஒரு பாதையை அமைக்கச் செய்தார். பார்க் அவெனியூவிலுள்ள கார்த்தியே நினைவுச்சின்னத்தின் அருகே தொடங்கும் அந்தச் சரளைப் பாதை இன்று அவர் பெயரையே தாங்கியுள்ளது.

அவசரப்படுவோருக்கு வேறொரு வழி உண்டு. நகர மையத்தின் பக்கமிருந்து ஏறுவோரை, கொண்டியாரோங்க் காட்சி மேடைக்கு நேராகக் கொண்டு சேர்க்கும் நீண்ட படிக்கட்டு அது. 1701இல் கைச்சாத்தான மொன்றியல் பெரும் சமாதான உடன்படிக்கைக்காகப் பாடுபட்ட ஊரோன் வெண்டாட் இனத் தலைவரின் பெயர் அம்மேடைக்குச் சூட்டப்பட்டுள்ளது. காலை வேளையில் அப்படிகளில் ஏறி இறங்கி மீண்டும் ஏறும் பயிற்சியாளர்களைக் காணலாம்.

இந்த இரண்டு வழிகளும் சேர்ந்தே சிறந்த பயிற்சித் திட்டமாகின்றன. ஏறும்போது படி, இறங்கும்போது சரளைப் பாதை என்பது முழங்காலுக்கு இதமான ஒழுங்கு. படியில் ஏறுவது தொடைத் தசைகளையும் இதயத்தையும் உழைக்கச் செய்கிறது. இறங்கும்போதோ ஒவ்வொரு அடியிலும் உடலின் முழு எடையையும் முழங்கால் தாங்கி நிறுத்த வேண்டியுள்ளது. மூட்டு வலியுள்ளவர்கள் பெரும்பாலும் ஏறுவதற்கு அஞ்சுகின்றனர். அவர்கள் அஞ்ச வேண்டியது இறங்குவதற்கே.

தமிழ்க் குடும்பங்கள் பல ஏற்கெனவே அறிந்த இன்னொரு படிக்கட்டும் அருகே உண்டு. கோட் டெ நேஜ் பகுதியிலுள்ள புனித யோசேப்பு பேராலயத்தின் முன்புறம் 283 படிகள் உள்ளன. அவற்றுள் நடுவேயுள்ள 99 மரப்படிகள் முழங்காலில் ஏறும் வேண்டுதல்காரர்களுக்கு உரியவை. சமய வேறுபாடின்றித் தமிழர் அங்கே செல்வதுண்டு. அது வழிபாட்டுத் தலம் என்பதால் பயிற்சிக்கென்று அதனைப் பயன்படுத்துவது முறையன்று. ஆனால், நேர்த்திக்காக ஒரே மூச்சில் 283 படி ஏற முடிந்த ஒருவர், தம்மால் உடற்பயிற்சி செய்ய இயலாது என்று கூறுவதை மறுபரிசீலனை செய்யலாம்.

கார்த்தியே நினைவுச்சின்னத்துக்குப் பார்க் அவெனியூ வழியாகச் செல்லும் 80ஆம் இலக்கப் பேருந்தில் செல்லலாம். மலை மேலுள்ள பீவர் ஏரிக்கு, மொன் ரோயல் மெட்ரோ நிலையத்திலிருந்து புறப்படும் 11ஆம் இலக்கப் பேருந்து உதவும். மலையில் அடையாளமிட்ட பாதைகளை விட்டு விலகிச் செல்லுதல் கூடாது. மரவேர்கள் சிதைவது ஒரு காரணம். புல்லிலும் புதரிலும் இருக்கும் உண்ணிகள் லைம் நோயைப் பரப்பக்கூடும் என்பது மற்றொன்று.

வேலையே போதாதா?

உணவகத்திலும் தொழிற்சாலையிலும் களஞ்சியத்திலும் பகல் முழுவதும் நின்று உழைப்போர், "எங்கள் வேலையே உடற்பயிற்சிதானே" என்று கேட்பது இயல்பு. அது நேர்மையான கேள்வி. பதில் சற்று விரிவானது. எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று பாத்திரம் கழுவுபவரின் முதுகும் காலும் களைப்படைகின்றன, ஆனால், இதயம் வேகமாகத் துடிப்பதில்லை, மூச்சு விரைவதில்லை, தோள்கள் தலைக்கு மேல் உயர்வதில்லை. ஒரே அசைவு ஆயிரம் முறை நிகழ்கிறது. மற்ற அசைவுகள் அனைத்தும் மறக்கப்படுகின்றன. களைப்பு வேறு, பயிற்சி வேறு. பலவகை அசைவுகளைக் கலந்து தரும் தடைதாண்டல் முறை இத்தகையோருக்கே மிகவும் பொருந்துகிறது.

தென்னாசியருக்கு இதில் கூடுதலான அக்கறை தேவை. இரண்டாம் வகை நீரிழிவு அவர்களை மற்றவர்களைவிட இளம் வயதிலும், குறைந்த உடல் எடையிலும் தாக்குகிறது. வெளித்தோற்றத்தில் மெலிந்தவராகக் காணப்படுபவரின் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்திருப்பது உண்டு. ஆகவேதான் தென்னாசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் இடைச்சுற்றளவின் எச்சரிக்கை எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. தையல் அளவு நாடா ஒன்று வீட்டில் இருந்தால் இதனை இன்றே அறியலாம்.

உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளிழுத்து எரிக்கிறது. பயிற்சி முடிந்த பின்னரும் பல மணி நேரம் அவ்வேலை தொடர்கிறது. அந்தப் பயன் ஓரிரு நாளில் மங்கிவிடுவதால், நீரிழிவு உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் பயிற்சியின்றி இருத்தலாகாது என்பது மருத்துவ அறிவுரை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் வியர்ப்பதைவிட, வாரத்தில் நான்கு நாட்கள் 40 நிமிடம் நடப்பது மேலானது.

கனடாவின் உடலியக்க வழிகாட்டல் வளர்ந்தோருக்கு வாரத்தில் 150 நிமிட மிதமான அல்லது கடுமையான உடலியக்கத்தையும், குறைந்தது இரண்டு முறை தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 60 நிமிடம். மிதமான வேகத்தை அறிய எளிய வழி ஒன்றுண்டு: பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது.

பூங்காவில் ஒரு சுற்று

பயிற்சிக் கருவிகள் எல்லாப் பூங்காக்களிலும் இல்லை. ஆனால், தடைதாண்டல் பயிற்சிக்கு அவை இன்றியமையாதவையும் அல்ல. ஒரு வாங்கு, ஒரு படிக்கட்டு, ஒரு சிறு மேடு, ஒரு நடைபாதை விளிம்பு ஆகியவை எந்தப் பூங்காவிலும் கிடைக்கும். பார்க் எக்ஸ்ரென்சனில் வாழ்வோருக்கு ஜாரி பூங்கா நடந்து செல்லும் தூரத்தில் உள்ளது.

முதல் ஐந்து நிமிடமும் நடை மட்டுமே. அதைக் குறைத்தல் கூடாது. பின்னர் ஒரு வாங்கின் முன் நின்று, கைகளை அதன் விளிம்பில் ஊன்றி, உடலை நேராக வைத்து, மார்பை அருகே கொணர்ந்து மீளத் தள்ளுதல் வேண்டும். தரையில் செய்யும் தண்டாலைவிடக் குறைந்த சுமையே இதில் உண்டு. ஆதலால் தொடக்கத்தில் உள்ளோருக்கும் இயலும். அங்கிருந்து அடுத்த வாங்கு வரை விரைந்து நடந்து, அதில் அமர்ந்து கையூன்றாமல் எழுதலைப் பத்து முறை செய்யலாம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழும் திறன் முதுமையில் ஒருவர் பிறர் துணையின்றி வாழ்வதைத் தீர்மானிக்கும் திறன்களுள் ஒன்று. இப்பயிற்சியை எவரும் அற்பமாகக் கருதலாகாது. அடுத்து, பாதையின் தாழ்ந்த விளிம்புக் கல்லின் மீது குதியும் விரலும் தொடும்படி அடிவைத்து நேராக நடத்தல். பின்பு மேட்டில் ஏறி இறங்குதல். கடைசியாகச் சுமை: கடையில் வாங்கிய ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றை ஒரு கையில் தூக்கிச் சென்று, திரும்பும்போது மறுகைக்கு மாற்றுதல். சாய்ந்துவிடாமல் நேராக நடக்க இடுப்புத் தசைகள் படும் பாட்டை அடுத்த நாள் உணரலாம்.

இச்சுற்று முடிய ஏறத்தாழ 12 நிமிடம் ஆகும். முதல் வாரத்தில் ஒரு சுற்று; மூச்சு பழகிய பின் இரண்டு; பின்னர் மூன்று. தொங்கும் கம்பி உள்ள இடத்தில், முதலில் பத்து விநாடி தொங்கினாலே போதும். தொங்குவதற்கு முன் மோதிரத்தைக் கட்டாயம் கழற்ற வேண்டும். கம்பியில் சிக்கிய மோதிரம் விரலின் தோலையும் தசையையும் உரித்துவிடும். வளையலும் நீண்ட துப்பட்டாவும் அவ்வாறே ஆபத்தானவை. தாலிக்கொடியை ஆடைக்குள் இட்டுக்கொள்ளலாம். சேலைக்குப் பதிலாகச் சுரிதாரும் பட்டி கட்டிய காலணியும் தகுந்தவை. பூங்காவில் எவரும் இறுகிய விளையாட்டு ஆடை அணிந்தே தீரவேண்டும் என்ற விதி இல்லை.

சிறுவர் விளையாட்டுத் திடலின் ஏணிகளும் சறுக்குகளும் பெரியவர்களின் எடைக்கு உரியவை அல்ல. அதேபோல, பெரியவர்களுக்கான கருவிகளில் சிறுவர்களை ஏற்றி விளையாட விடுதலும் தவறு. உரிய வயது அருகிலுள்ள பலகையில் எழுதப்பட்டிருக்கும்.

இன்சுலின் ஏற்றுபவர்களும், சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை உட்கொள்பவர்களும் குளுக்கோஸ் அல்லது பழச்சாறு கையோடு கொண்டு செல்லுதல் வேண்டும். கை நடுக்கமும் திடீர் வியர்வையும் தோன்றினால் உடனே நிறுத்தி அதை உட்கொள்ளல் வேண்டும். இதய நோயோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளோர் படிக்கட்டுப் பயிற்சிக்கு முன் வைத்தியரைக் கேட்டறிதல் நன்று. நெஞ்சு வலி வந்தால் காத்திருக்காமல் 911ஐ அழைக்க வேண்டும். அவசரமற்ற உடல்நலக் கேள்விகளுக்கு 811 இலக்கத்தில் தாதியர் பதிலளிப்பர். 2023ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் காட்டுத்தீப் புகை நகரை மூடியது போன்ற நாட்களில் பயிற்சியை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

பனியும் வெளிப்படிக்கட்டும்

மொன்றியல் வீடுகளின் வெளிப்புறச் சுழற்படிகளைச் சுற்றுலாப் பயணிகள் நின்று படமெடுக்கின்றனர். ஜனவரியில் அதே படிகளில் மளிகைப் பையோடு இறங்கும் அம்மம்மாவுக்கு அவை அழகானவை அல்ல. இந்நகரில் ஒவ்வொருவரும் விரும்பாமலே கடக்கும் தடைப்பாதை அதுதான். பனிக்காலத்தில் விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தால் முதியோர் பலர் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வீட்டைவிட்டு வெளியேறுவதே இல்லை. அசையாத ஐந்து மாதத்தில் கால் தசை மெலிகிறது. மெலிந்த காலோடு வசந்தத்தில் வெளிவருபவர் விழும் வாய்ப்பு முன்னைவிட அதிகம். அச்சம் எதைத் தடுக்க முயன்றதோ அதையே வரவழைத்துவிடுகிறது.

சமநிலையும் பயிற்சியால் வளர்வதே. குசினி மேசையின் விளிம்பைத் தொட்டபடி ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்றல், பின்னர் விரல் நுனியால் மட்டும் தொட்டு நிற்றல், தரையில் கிடத்திய துணிச்சுருளைப் பக்கவாட்டில் தாண்டுதல் ஆகியவற்றை நாள்தோறும் செய்யலாம். அருகில் ஒருவர் இருப்பது நல்லது.

65 வயதுக்கு மேற்பட்டு, தம் வீட்டில் வாழ்ந்து, விழுவதைப் பற்றிக் கவலை கொண்டோருக்குக் கியூபெக்கில் 'பியே' என்ற பெயரில் இலவசச் சமநிலைப் பயிற்சித் திட்டம் உள்ளது. பிரெஞ்சில் அச்சொல்லுக்குப் பாதம் என்று பொருள். குழுவாக, வாரத்துக்கு இருமுறை, 12 வாரங்கள் நடைபெறும் அத்திட்டம் பற்றி அருகிலுள்ள சமூக சுகாதார நிலையமான 'சே எல் எஸ் சே'யில் விசாரிக்கலாம். மொழி தெரியாது என்று தயங்க வேண்டியதில்லை. பயிற்றுநர் செய்வதைப் பார்த்துச் செய்வதே அதன் பெரும்பகுதி. முதல் வகுப்புக்கு மகளோ பேரனோ உடன் சென்றால் போதும்.

பனிக்காலத்தில் வெளியே செல்வோர் காலணியில் மாட்டும் உலோக முள் பட்டையை அணியலாம். கட்டடத்துக்குள் நுழையும்போது அதைக் கழற்றுதல் அவசியம், ஓடு பதித்த தரையில் அது வழுக்கும். மலைப்படிகளில் மூடல் அறிவிப்பு இருந்தால் அதை மீறக்கூடாது.

இளையோருக்கு

இளைஞர்களுக்கு இப்பயிற்சி வேலைவாய்ப்போடும் தொடர்புடையது. கனடிய ஆயுதப்படையின் உடற்தகுதித் தேர்வில் நீண்ட ஓட்டப்பந்தயம் இல்லை. படுத்து எழுந்து விரைதல், 20 கிலோ மணல் மூட்டையை 3 நிமிடம் 30 விநாடிக்குள் 30 முறை தூக்குதல், சுமையோடும் சுமையின்றியும் மாறி மாறி நடத்தல், மூட்டைகளை இழுத்துச் செல்லுதல் ஆகிய நான்கே உள்ளன. காவல்துறை, தீயணைப்புப் பணிகளுக்கும் உடற்திறன் தேர்வுகள் உண்டு. உடற்பயிற்சிக் கூடத்தில் கையை மட்டும் பருக்க வைத்தவர்கள் இத்தகைய தேர்வுகளில் திணறுவது வியப்பன்று. பார்கூர் பழக விரும்பும் பதின்ம வயதினர் காணொளி பார்த்துச் சுவரிலிருந்து குதிப்பதைத் தவிர்த்து, மெத்தை விரித்த கூடத்தில் பயிற்றுநரிடம் முதலில் விழக் கற்றல் வேண்டும். விழுவதும் கற்கத்தக்க ஒரு கலை. அதைக் கற்ற பின்பே தாவல்.

விசாரிக்கும் இடம்

எந்தப் பூங்காவில் பயிற்சிக் கருவிகள் உள்ளன, எந்த நிலையத்தில் எத்தகைய வகுப்பு நடைபெறுகிறது என்பவற்றை 311 இலக்கத்தில் கேட்டறியலாம். உடைந்த கருவியையும் எரியாத விளக்கையும் அறிவிக்க வேண்டிய இலக்கமும் அதுவே. நகரின் விளையாட்டு, பொழுதுபோக்கு வகுப்புகளுக்கான பதிவு பருவந்தோறும் குறித்த நாளில் தொடங்குகிறது. இடங்கள் விரைவில் நிரம்புவதால் நாளை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. மொன்றியல் குடியிருப்பாளருக்குச் சில நகர வசதிகளில் கட்டணச் சலுகை உண்டு. ஊர்ச் சங்கமோ பழைய மாணவர் சங்கமோ பூங்காவில் விளையாட்டு விழா நடத்த விரும்பினால், அந்தந்த நகரப் பிரிவிடம் முன்னரே அனுமதி பெறுதல் வேண்டும். தடை ஓட்டத்தில் இம்முறை பெற்றோருக்கும் ஒரு பிரிவு வைக்க எண்ணுவோர், சாக்குகளைச் சற்றுப் பெரிதாகத் தேடி வைப்பது நன்று.